ஓவன் கோய்ல் எங்குமே நிலைக்காத கால்பந்துப் பயிற்சியாளர்தானே, சென்னையின் எப்.சி. ரசிகர்கள் ஏன் அவரைக் கொண்டாடுகிறார்கள்?

"எங்குமே நிலைக்காத" என்று கேள்வியில் போட்டிருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். நீங்கள் படிப்பு முடிந்ததும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து இன்றுவரை அதே நாற்காலியில் இருப்பவர் என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள். நான் பதினாறு வருடத்தில் ஏழு கம்பெனி மாறிய கணக்காளன். கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் நாலு பேராவது "இப்போது எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டுவிடுவார்கள். எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

யாராவது பின்னூட்டத்தில் வந்து பிடித்துக்கொள்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோய்ல் 1966-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தவர். பூர்வீகம் அயர்லாந்து. தேசிய அணிக்கு ஆடியது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் அயர்லாந்துக்காக, 1994-இல். ஆனாலும் ஆட்டக்காரராக அவர் வாழ்ந்த மண் பெரும்பாலும் ஸ்காட்லாந்துதான். ஸ்காட்லாந்துக்காரர் என்று நான் எழுதினால் சண்டைக்கு வராதீர்கள்.

டம்பார்ட்டன், கிளைட்பேங்க், ஏர்ட்ரி, இங்கிலாந்தின் போல்ட்டன், டண்டீ யுனைடெட், மதர்வெல், டன்ஃபெர்ம்லின், ராஸ் கவுண்ட்டி, ஃபால்கர்க் என்று குறைந்தது ஒன்பது கிளப்களுக்கு முன்கள வீரராக ஆடியிருக்கிறார். இந்தப் பட்டியலைப் பார்த்து 'ஒட்டாதவர்' என்று முடிவு கட்டுபவர்கள், போன இடங்களில் என்ன நடந்தது என்றும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா? 1995-இல் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில், இங்கிலாந்தின் முதல்தர லீகான பிரீமியர் லீகுக்குப் போவதற்கான பிளேஆஃப் இறுதியாட்டம். ரெடிங் அணியிடம் போல்ட்டன் 0-2 என்று பின்தங்கியிருக்கிறது, ரெடிங் ஒரு பெனால்டியையும் வீணாக்கிவிட்டது. 75-ஆவது நிமிடத்தில் கோய்ல் தலையால் முட்டிப் போட்ட கோலில் ஆட்டம் திரும்பியது. கூடுதல் நேரத்தில் போல்ட்டன் 4-3 என வென்றது. அடுத்த பருவத்தில் டண்டீ யுனைடெட்டுக்குப் போனார். அங்கேயும் ஸ்காட்லாந்து முதல்தர லீகுக்கு ஏறுவதற்கான பிளேஆஃப், அங்கேயும் கூடுதல் நேரம், வென்று கொடுத்த கோலை அடித்தவர் இவர்.

ஏர்ட்ரிக்கு இரண்டாம் முறையும் போய்ச் சேர்ந்தார். அந்த கிளப் 2002-இல் திவாலானது. கடைசி ஆட்டம் ஏர் யுனைடெட் மைதானத்தில். கோபத்தில் இருந்த ரசிகர்கள் களத்துக்குள் இறங்கி கோல் கம்பத்தின் குறுக்குக் கட்டையையே உடைத்துவிட்டார்கள், ஆட்டம் பாதியில் நின்றது. இப்படிப் போன கிளப்பை விட்டு வெளியேறியதையும் 'நிலைக்கவில்லை' என்ற கணக்கில்தான் சேர்ப்பீர்களா?

இங்கே என் கதை ஒன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். என் நான்காவது கம்பெனியும் இப்படித்தான் ஒரு நாள் ஷட்டரை இறக்கியது. போகும்போது என் வருங்கால வைப்பு நிதிக் (பி.எப்.) கணக்கில் 'வெளியேறிய தேதி' என்ற ஒரே ஒரு கட்டத்தை நிரப்பாமல் போய்விட்டார்கள். அது இல்லாமல் பழைய பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்ற முடியவில்லை. போதாக்குறைக்கு என் இனிஷியலை அப்பா பெயராக விரிக்காமல் ஒற்றை எழுத்தாகப் பதிந்திருந்தார்கள். இரண்டையும் சரிசெய்யக் கம்பெனியின் கையெழுத்து வேண்டும் என்றார்கள் அப்போது. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை இருக்கிறது. கையெழுத்தை யாரிடம் வாங்குவது?

சரி, பயிற்சியாளர் கோய்லுக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ்டன் அணியில், 2007-இல் முடிந்த பருவத்தின் கடைசி நாள். இவருடைய அணி தன் ஆட்டத்தை வென்றுவிட்டு, வேறொரு ஊரில் போட்டி அணியான கிரெட்னாவின் ஆட்டம் முடியக் காத்திருந்தது. காயத்துக்காகக் கூட்டிய நேரத்தில் கிரெட்னா கோல் அடித்து, பட்டத்தையும் மேல் லீகையும் தட்டிக்கொண்டு போனது. அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் பர்ன்லி அணி அழைத்தது. 2009-இல் அந்தச் சிறிய ஊரை 33 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்தர லீகுக்கு ஏற்றினார். ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் அங்கே வந்து 1-0 என்று தோற்றுப் போனது.

அடுத்த ஜனவரியில், பருவத்தின் நடுவில், பக்கத்து ஊர் போல்ட்டனுக்குத் தாவினார். பர்ன்லி இரண்டாம்தர லீகுக்குக் கீழிறங்கியது. அந்த ஊர்க்காரர்கள் அவரை யூதாஸ் என்றார்கள். இந்த விஷயத்தில் நான் அவருக்கு வக்கீல் இல்லை. நானும் ஒருமுறை ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தவன். அந்த மேலாளரின் முகம் இன்றும் நினைவிருக்கிறது.

போல்ட்டனில் இருக்கும்போது 2012 மார்ச்சில் அந்த அணி வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பா ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்தார். அவருடைய இதயம் 78 நிமிடம் தானாகத் துடிக்கவில்லை. ஆம்புலன்ஸில் கூடவே ஏறிப் போனவர் கோய்ல். அந்தப் பருவத்தின் கடைசி நாளில் போல்ட்டன் கீழிறங்கியது, இலையுதிர் காலத்தில் வேலையும் போனது. பிறகு விகன், ஹூஸ்டன், பிளாக்பர்ன், மறுபடி ராஸ் கவுண்ட்டி. எதுவும் ஒப்பேறவில்லை. அதை நான் மறுக்கவில்லை.

சென்னைக்கு வந்தது 2019 டிசம்பரில். இந்தியன் சூப்பர் லீகில் நம் அணி ஒன்பதாம் இடத்தில் கிடந்தது. அரைக்கால் சட்டையோடு கோட்டோரம் நின்று கத்திக்கொண்டிருந்த இந்த மனிதர் அதே அணியை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார். கொச்சியில் கேரளாவை 6-3 என்று அடித்ததை எல்லாம் எழுதினால் மலையாள நண்பர்கள் வருத்தப்படுவார்கள்.

2020 பிப்ரவரி 29, அரையிறுதியின் முதல் ஆட்டம், நேரு விளையாட்டரங்கம். என் தாய்மாமாவை அழைத்துப் போயிருந்தேன். ஒரே அலுவலகத்தில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் பாதியில் கோல் இல்லை. மாமா தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்த புளியோதரையை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், அந்தக் கோபத்தில் உட்கார்ந்திருந்தார். "அந்த அரைக்கால் சட்டைக்காரர் யார்?" என்று கேட்டார். சொன்னேன். எங்கெல்லாம் வேலை பார்த்தார் என்றும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல மாமா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். இரண்டு கை விரலும் தீர்ந்தன.

இரண்டாம் பாதியில் கோயன், தாபா, எலி சாபியா, சாங்டே என்று இருபத்தைந்து நிமிடத்தில் கோவாவுக்கு எதிராக நாலு கோல். மாமா மூன்றாவது கோலுக்கு எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை. 4-1 என்று முடிந்து வெளியே வரும்போது என் தோளில் கைவைத்து, "ஏன் மாப்பிள்ளை, இந்த மனிதனுக்கு வைப்பு நிதியை எந்தக் கம்பெனிக்காரன் கொடுப்பான்?" என்றார். அத்தனை வருடத்தில் என் வேலை மாற்றங்களைப் பற்றி அவர் குத்தாமல் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

கோவாவில் இரண்டாவது ஆட்டத்தில் 4-2 என்று தோற்றாலும், கூட்டிப் பார்த்தால் 6-5 என்று நாம் உள்ளே. இறுதியாட்டத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்திருந்தேன். கொரோனா வந்து ரசிகர்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். மார்ச் 14 அன்று மாமா வீட்டுத் தொலைக்காட்சியில், ஆளில்லாத இருக்கைகளுக்கு முன்னால் கொல்கத்தாவின் ஏ.டி.கே.விடம் 3-1 என்று தோற்பதைப் பார்த்தோம்.

பிறகு கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். நம் முன்கள வீரர் வால்ஸ்கிஸும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். எனக்கு எரிந்தது, ஒளிக்கவில்லை. 2021-22-இல் 43 புள்ளிகளோடு லீக் கேடயத்தை ஜாம்ஷெட்பூருக்கு வாங்கிக் கொடுத்தார். ஸ்காட்லாந்தில் குவீன்ஸ் பார்க்கில் ஒரு பருவம் இருந்துவிட்டு 2023-இல் சென்னைக்குத் திரும்பி வந்தார். முதல் வருடம் ஆறாம் இடம் பிடித்து பிளேஆஃப், அடுத்த வருடம் அதுவும் இல்லை, 2025-இல் கிளம்பிவிட்டார். இரண்டாம் முறை வந்தது பெரிய வெற்றி என்று நான் சொல்லவில்லை. கொண்டாடுவது முதல் முறைக்காகத்தான்.

மாமா இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து இரண்டு விஷயம் கேட்பார். "அந்த அரைக்கால் சட்டைக்காரர் இப்போது எங்கே?" "அந்தத் தேதியைப் போட்டுவிட்டார்களா?"