எலும்புக்கு வயது பார்ப்பதில்லை

அன்புள்ள ஐயா,

ஆதிமனிதர் பற்றிய கட்டுரையில் 1470 எண் மண்டையோட்டுக்கு 20 லட்சம் வயது என்று எழுதியிருந்தீர்கள். கார்பன் சோதனை அவ்வளவு தூரம் போகாதே? என்னிடமுள்ள பழைய புத்தகம் 29 லட்சம் என்கிறது. எதை நம்புவது?

ர.

அன்புள்ள ர.,

கார்பன் பற்றி நீங்கள் சொன்னது சரி. சுமார் 50,000 ஆண்டுகளோடு அதன் வேலை முடிந்துவிடும். அதற்கு அப்பால் பெரும்பாலும் எலும்பை விட்டுவிட்டு, அதற்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பலுக்குத்தான் வயது பார்க்கிறார்கள். சாம்பலின் படிகங்களில் உள்ள பொட்டாசியத்தில் ஒரு துளி மெல்ல மெல்ல ஆர்கான் வாயுவாக மாறும். வெடிப்பின் சூட்டில் பழைய ஆர்கான் போய்விடுவதால், இன்று இருப்பது அதற்குப் பிறகு சேர்ந்தது. அதை அளந்தால் வயது.

1470, கென்யாவின் துர்கானா ஏரிக்கரையில் கூபி ஃபோராவில் கிடைத்தது. 1972இல் ஆதிமனித ஆய்வாளர் ரிச்சர்ட் லீக்கி குழுவின் பெர்னார்ட் ங்கெனியோ கண்டெடுத்தார். மேலே இருந்த கேபிஎஸ் என்ற சாம்பல் அடுக்குக்கு 26 லட்சம் என்று முன்பே கணித்திருந்ததால், மண்டையோட்டுக்கு 29 லட்சம் என்றார்கள். அவ்வளவு பெரிய மூளை அவ்வளவு முன்பா என்று உலகமே வாய்பிளந்தது.

கணக்கைக் கலைத்தவை பன்றிகள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அழிந்துபோன சில ஆப்பிரிக்கப் பன்றி இனங்களில் கடைசிக் கடைவாய்ப்பல் காலப்போக்கில் நீண்டுகொண்டே போனது. கேபிஎஸ்ஸுக்குக் கீழே கிடைத்த பற்களை புதைபடிவ ஆய்வாளர் பேசில் குக் பார்த்தார். எத்தியோப்பியாவின் ஓமோவில் சுமார் 20 லட்சம் ஆண்டு அடுக்குகளில் கிடைத்த பற்களோடு அவை ஒத்துப்போயின. இரண்டும் ஒரே ஏரிப் படுகை. சூழல் வேறு, அதனால் பன்றியும் வேறு என்று லீக்கி தரப்பு சமாளித்துப் பார்த்தது.

தவறு சாம்பலில் இருந்தது. ஆற்றுநீர் அடித்து வந்த சாம்பல் அது. வழியில் பழைய பாறைத் துகள்களும் கலந்துவிட்டன. முதல் மாதிரி 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் காட்டியதாம்! 1975இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கார்னிஸ் கர்ட்டிஸ் குழு அளந்தபோது 16 லட்சம், 18 லட்சம் என்று இரண்டு எண்கள் வந்தன. அப்புறமும் சண்டை ஓயவில்லை. வேறொரு முறை பழைய எண்ணுக்கே சாட்சி சொன்னது. பிறகு அதையும் திருத்தினார்கள். சாம்பலுக்குள் கிடந்த நுரைக்கல் துண்டுகளின் படிகங்களை அளந்த பிறகு, 1980களின் தொடக்கத்தில் சுமார் 19 லட்சம் என்று முடிவானது. ஓடு அதற்குக் கீழே கிடந்ததால் சுமார் 20 லட்சம்.

உங்கள் புத்தகம் எந்த ஆண்டுப் பதிப்பு? எழுபதுகள் என்றால் ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.