சினையாக இருக்கும் நாயைக் குட்டி போடும் வரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

நாய் சினையாக இருக்கிறது, கால்சியம் டானிக் கொடுக்கலாமா, வேறு என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நாய் வளர்ப்பவர்கள் பலர் கேட்பது என்பதால் கால்சியத்தையே முதலில் சொல்கிறேன்.

மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து கால்சியம் தாராளமாக வந்துகொண்டே இருந்தால், எலும்பில் இருப்பதை எடுத்துப் பயன்படுத்தும் வேலையை உடம்பு குறைத்துக்கொள்ளும். குட்டி போட்ட பிறகு பால் சுரக்கத் திடீரென்று நிறைய கால்சியம் தேவைப்படும்போது அதற்கு ஈடுகொடுக்க முடியாது. நடுக்கம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதேபோல மனிதர்களுக்கான வலி மாத்திரை எதுவும் வேண்டாம். பூச்சி மருந்தும் தடுப்பூசியும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். முதல் ஐந்து வாரம் வழக்கமான சாப்பாடே போதும். அப்போதே அள்ளிப் போட்டால் கொழுப்புதான் சேரும், குட்டி போடுவதும் சிரமமாகும். குட்டிகள் வேகமாக வளர்வது கடைசி மூன்று வாரத்தில். அப்போது குட்டி நாய்களுக்கான தீவனத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, அளவையும் கூட்டுங்கள். வயிற்றில் இடம் இருக்காது என்பதால் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மெதுவான நடை நல்லது. குதிப்பதும் மற்ற நாய்களோடு பழகுவதும் இந்தச் சமயத்தில் வேண்டாம்.

55 நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எத்தனை குட்டி என்று தெரிந்தால்தான் எல்லாம் வெளியே வந்துவிட்டதா, இன்னும் உள்ளே இருக்கிறதா என்பது புரியும். இதைத் தேவையில்லாத செலவு என்று நான் நினைக்கவில்லை.

குட்டி போடுவதற்கான பெட்டியை ஒரு வாரம் இரண்டு வாரம் முன்பே, சத்தமில்லாத மூலையில் வைத்து அதில் படுத்துப் பழக விடுங்கள். தாய் கால் நீட்டிப் படுக்கும் அகலம் வேண்டும். குட்டிகள் தவழ்ந்து வெளியே வராத அளவுக்கு விளிம்பு இருந்தால் சரி.

கடைசி வாரம் காலையும் மாலையும் ஆசனவாய் வழியாக வெப்பம் பாருங்கள். சாதாரணமாக 101 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருப்பது 99க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி எடுக்கும். எல்லா நாய்க்கும் இது தெளிவாகத் தெரியாது. சாப்பிடாமல் இருப்பது, மூச்சிரைப்பது, துணியைப் பிறாண்டுவது ஆகியவற்றையும் கவனியுங்கள்.

அப்புறம், இரவிலும் எடுக்கும் கால்நடை மருத்துவரின் எண்ணை இப்போதே வாங்கி வையுங்கள். அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வராவிட்டாலும், முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத்தில் கசிந்தாலும், உள்ளே குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலும் காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.