கடல் பக்கம் சின்ன மனை: வாசகர் கேள்வி – பதில்

கடலோரத்தில் சிறிய மனையில் வீடு கட்டுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு எங்கள் கட்டுமானப் பொறியாளர் குழு இங்கே பதில் சொல்கிறது.

கடலூர் பக்கம் 2 சென்ட் மனை பார்த்திருக்கிறோம். கிழக்கு பார்த்தது, 20 அடி அகலம், 43½ அடி நீளம். கடற்கரை 350 மீட்டர் தூரம் இருக்கும். கீழே ஹால், சமையலறை. மேலே இரண்டு படுக்கையறை போதும். நல்ல காற்று வரும்படி எப்படிப் பிரிக்கலாம்?
– வாசகி, கடலூர்

முதலில் அட்வான்ஸ் கொடுப்பதை நிறுத்தி வையுங்கள். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அந்தக் கோடு நம் கண்ணுக்குத் தெரியும் அலை நுனி அல்ல, வரைபடத்தில் குறித்த கோடு. அதனால் காலால் அளந்த 350 மீட்டருக்கு மதிப்பில்லை. மனையின் சர்வே எண்ணைக் கொடுத்து, அது எந்த வகை மண்டலத்தில் வருகிறது என்று மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் எழுத்தில் வாங்குங்கள். நகரப் பகுதியான இரண்டாம் வகை என்றால், ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டுமே கட்டலாம். கிராமப் பகுதியான மூன்றாம் வகையில், 2011 அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டர் கட்டக் கூடாத பகுதி. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது. உங்கள் பகுதிக்கு எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பக்கத்தில் ஓதம் ஏறி இறங்கும் உப்பனாறோ கழிமுகமோ இருந்தால் அதன் கரைக்கும் தனிக் கணக்கு உண்டு. பலர் கடலை மட்டும் பார்த்துவிட்டு இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி பிளான். இரு பக்கமும் 3 அடி விட்டால் கட்டட அகலம் 14 அடி. 9 அங்குலச் சுவர் இரண்டு போக உள்ளே 12½ அடிதான். அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும், பக்கவாட்டு ஜன்னல்கள் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்க்கும். எனவே காற்று கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேற வழி விட வேண்டும். முன்னும் பின்னும் 5 அடி விட்டால் நீளத்தில் 33½ அடி கிடைக்கும் (உங்கள் உள்ளாட்சி கேட்கும் அளவைச் சரிபாருங்கள்). கிழக்கிலிருந்து 5 அடி திண்ணை, 13 அடி ஹால், 7 அடியில் படிக்கட்டும் கழிவறையும், கடைசி 8 அடி சமையலறை என்று சுவர் கனத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையை அலங்காரமாக நினைத்து வெட்டிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும்; 5 அடிக் கூரை இல்லாவிட்டால் காற்று வரும் ஜன்னலை அந்த இரண்டு மாதமும் மூடியேதான் வைக்க வேண்டும்.

படிக்கட்டு நடுவில் வருவதற்குக் காரணம் உண்டு. மாடிப்படி மேலே போய் முடியும் அறையின் மேற்குச் சுவரில் அகலமான லூவர் (சாய்ந்த பட்டைகள் கொண்ட காற்றுத் திறப்பு) வைத்தால், பகலில் கடல்காற்று அடிக்கும்போது அந்தப் பக்கம் உறிஞ்சல் ஏற்பட்டு வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே இழுத்துவிடும். மாடியில் மேற்குப் படுக்கையறைக்குக் காற்று இந்தப் படிக்கட்டு வழியாகத்தான் வர வேண்டும். கதவுக்கு மேல் திறந்து மூடும் வென்டிலேட்டர் இல்லையென்றால், இரவில் கதவைச் சாத்தியதும் அந்த அறை செத்துவிடும்.

ஜன்னல் பரப்பு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு என்பது ஈரப்பதமும் வெப்பமும் உள்ள ஊருக்கான அளவு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி, அதாவது 4க்கு 5 அடி ஜன்னல். ஆனால் இழுக்கும் ஜன்னல் பாதிதான் திறக்கும். வாங்கியது 20, கிடைப்பது 10. கதவு போலத் திறக்கும் ஜன்னலாகவே கேளுங்கள்.

சமையலறையை அக்னி மூலைக்கு மாற்றச் சொல்லி வீட்டில் குரல் எழும். கிழக்குக் கரையில் கோடைப் பகலில் காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. அங்கே அடுப்பு வைத்தால் தாளிப்பு நெடி மாடி வரை போகும். வாஸ்து பார்ப்பவர்களே இரண்டாவது இடமாக வாயு மூலையை ஒப்புக்கொள்வதால், வடமேற்கில் வைத்து இரு தரப்பையும் சமாதானப்படுத்தலாம்.

வீட்டுக்கு எம் 20 கான்கிரீட்டே (எம் என்பது வலிமைத் தரம்) தாராளம், கம்பிக்கு 20 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) போதும் என்கிறார் எங்கள் ஒப்பந்தக்காரர். கடல் அரை கிலோமீட்டரில் இருக்கிறது. சரியா?
– வாசகர், நாகப்பட்டினம்

சரியில்லை. நீங்கள் பணத்தைக் கொட்ட வேண்டிய இடமே இதுதான். ஐ.எஸ். 456 தரநிலை கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என்று வகைப்படுத்துகிறது. அதற்குக் குறைந்தபட்சம் எம் 30 கான்கிரீட், கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகாமல், கம்பிக்கு 45 மி.மீ. கவர். அலைத் தூவானமே மேலே படும் இடமென்றால் எம் 35, 340 கிலோ, 50 மி.மீ.

ஏன் என்றால், உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக ஊறி வந்து கம்பியைத் தொட வேண்டும். அது எடுத்துக்கொள்ளும் காலம் கவரின் கனத்துக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை, ஏறத்தாழ அதன் வர்க்கத்தில் கூடுகிறது. 20ஐ 45 ஆக்கினால் கனம் இரண்டேகால் மடங்கு, காலம் சுமார் ஐந்து மடங்கு. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்கிறது. கடலோர வீடுகளில் சன்ஷேடு முதலில் உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். 3 அங்குலப் பலகைக்குள் கம்பிக்கு இருபுறமும் கவர் கொடுக்க இடமே கிடையாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கவரை மட்டும் கூட்டி, தளத்தின் கனத்தைப் பழையபடியே விட்டால் தளம் பலவீனமாகும். 125 மி.மீ. தளம், 10 மி.மீ. கம்பி, 20 கவர் என்றால் கம்பி மையம் வரை உள்ள ஆழம் 100 மி.மீ. கவரை 45 ஆக்கினால் அது 75 ஆகிவிடும். தாங்கும் திறனில் கால் பங்குக்கு மேல் போய்விடும். தளத்தை 150 ஆக்குங்கள், பழைய 100 திரும்பக் கிடைக்கும். தூணும் இப்படித்தான். 9 அங்குலத் தூணில் வளையத்துக்கு வெளியே இருபுறமும் 45 விட்டால், வளையத்தின் வெளி அளவே 140 மி.மீ.தான், கம்பி கட்டுபவர் அதற்குள் கம்பியை நெருக்கிவிடுவார், ஜல்லி இறங்காது, தேன்கூடு போல உள்ளே ஓட்டை விழும். சுவருக்கு வெளியே நீட்டினாலும் பரவாயில்லை, 12 அங்குலமாக்குங்கள்.

எம் 30ஐ மூட்டைக்கு இத்தனை சட்டி என்று போட முடியாது. அளவுக் கலவைக்கு எம் 20 வரைதான் தரநிலையில் இடம். அதற்கு மேல் ஆய்வகத்தில் கலவை வடிவமைத்து வாங்க வேண்டும். 600 சதுர அடித் தளம் 150 மி.மீ. கனத்தில் 8.4 கன மீட்டர். ரெடிமிக்ஸ் வண்டி 6 கன மீட்டர் கொண்டுவந்தால் இரண்டு நடை. தெருவுக்குள் வண்டி நுழையாது என்றால் சைட்டில் எடை போட்டுக் கலக்கலாம். 50 கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் 22½ லிட்டர் தண்ணீர், மணலின் ஈரமும் இதில் அடக்கம். கலவை இறுக்கமாகத்தான் இருக்கும். கொத்தனார் குடத்தைத் தூக்குவதற்கு முன் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து) கலக்க ஏற்பாடு செய்யுங்கள்.

சிமென்ட் பி.பி.சி.யோ (சாம்பல் கலந்தது) ஸ்லாக் சிமென்டோ (இரும்பு உலைக் கசடு கலந்தது) வாங்குங்கள். சல்ஃபேட்டைத் தாங்கும் சிமென்ட் கடலோரத்துக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். குளோரைடைப் பிடித்து வைக்கும் பகுதிப்பொருள் அதில் குறைவு. பி.பி.சி. மெதுவாக இறுகும் என்பதால், வெயில் நாளில் 14 நாள் நல்ல தண்ணீர் விட்டு ஈரம் காயாமல் காக்க வேண்டும் (க்யூரிங்). போர் தண்ணீரை மாவட்டத்திலுள்ள குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் இருந்தால் கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கக் கூடாது. க்யூரிங்குக்கும் அதே தண்ணீர் வேண்டாம், உப்பை மேலே நீங்களே தெளித்த மாதிரி ஆகும்.

கவர் பிளாக்கை அதே தரக் கான்கிரீட்டில் 45 மி.மீ. கனத்துக்கு முன்கூட்டியே வார்த்து வையுங்கள். ஜல்லித் துண்டையோ ஓட்டுச் சில்லையோ கம்பிக்குக் கீழே செருகினால், மிதிபட்டுச் சரிந்துவிடும். கட்டுக்கம்பியின் முனைகளை உள்பக்கம் மடக்கச் சொல்லுங்கள்; வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை வழியாகத்தான் துரு உள்ளே போகிறது.

கடல் மணலை நல்ல தண்ணீரில் கழுவிப் பூச்சுக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், தூத்துக்குடி

வேண்டாம். கடற்கரையில் மணல் அள்ளுவதே சட்டப்படி தவறு. தவிர, சைட்டில் குழாய் வைத்துக் கழுவும் கழுவலில் உப்பு முழுதாகப் போகாது. மிச்சமிருப்பது ஒவ்வொரு பனிக்காலத்திலும் ஈரத்தை இழுத்து, பெயின்ட்டை உப்ப வைக்கும். பூச்சுக்கென்றே சலித்த எம்-சாண்ட் கிடைக்கிறது.

பக்கத்து வீட்டில் புதிதாகக் கட்டிய சம்ப், மழையில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. நாங்களும் 4,500 லிட்டர் சம்ப் கட்டப் போகிறோம். ஏன் இப்படி ஆகிறது?
– வாசகர், வேதாரண்யம்

சம்ப் காலியாக இருந்தபோது நிலத்தடி நீர் ஏறியிருக்கும். காலித் தொட்டி நீருக்குள் மிதக்கப் பார்க்கும். உங்கள் அளவுக்கே கணக்கிடுவோம். உள்ளே 2 மீட்டர், 1.5 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர், சுவரும் அடித்தளமும் 150 மி.மீ., மூடி 100 மி.மீ. வெளி அளவு 2.3 × 1.8 × 1.75, அதாவது 7.25 கன மீட்டர். நீர் மேல்மட்டம் வரை வந்தால் தூக்கும் விசை 7.25 டன். கான்கிரீட் 2.75 கன மீட்டர், எடை ஏறத்தாழ 6.9 டன். எடை தோற்கிறது.

தீர்வு சுவரைத் தடிக்க வைப்பதில் இல்லை. அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நாலு பக்கமும் 300 மி.மீ. நீட்டுங்கள். அந்த விளிம்பின் மேல் நிரப்பும் மண்ணே தொட்டியை அழுத்திப் பிடிக்கும். நீரில் மூழ்கிய எடையில் பார்த்தாலும் விளிம்பும் மண்ணும் சேர்ந்து 4 டன்னுக்கு மேல் கூடுதல். ஆனால் மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டித்து நிரப்புகிறவரை இந்தப் பாதுகாப்பு கிடையாது. கட்டி முடித்து மண் நிரப்பாமல் விட்ட இடைவெளியில் மழை வந்தால், உள்ளே பாதிக்குமேல் தண்ணீர் விட்டு வையுங்கள். செப்டிக் டேங்குக்கும் இதே கணக்குதான். அதைக் கழுவ லாரி வரும்போது மழைக்காலத்தில் முழுதாக உறிஞ்ச விடாதீர்கள்.

போரை ஆழப்படுத்தினால் நல்ல தண்ணீர் வரும் என்ற ஆசையும் கடலோரத்தில் பலிக்காது. உப்புநீரின் மேல் நன்னீர் ஒரு படலமாக நிற்கிறது; கடல் மட்டத்துக்கு மேல் அது 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். நீர்மட்டத்தை ஓர் அடி இறைத்து இறக்கினால் கீழிருந்து உப்புநீர் பல அடி ஏறும். அதைவிட, 60 சதுர மீட்டர் மாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் இழப்பு போக 5,000 லிட்டர் சம்புக்கு வரும். நிலத்தடி உப்பு கசியாதபடி சம்பின் வெளிப்புறத்துக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு கொடுங்கள். உள்ளே மட்டும் பூசுவதுதான் வழக்கம், அது பாதி வேலை.

மாடியில் கான்கிரீட்டுக்குப் பதில் ஷீட் கூரை போட்டால் செலவு குறையும். 2018இல் கஜா புயலில் ஊரில் பறந்ததை எல்லாம் பார்த்த பயம் இருக்கிறது.
– வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பயம் நியாயமானது. சென்னைக்குத் தரநிலை சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், ஏறத்தாழ 150 கிலோ. அரை மி.மீ. ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவுதான். கூரை கீழே விழும் என்றுதான் எல்லோரும் கணக்கிடுகிறார்கள். புயலில் அது மேலே போகிறது. திருகு ஷீட்டைப் பிடித்தால் போதாது. ஷீட்டைப் பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குக் கம்பி), பர்லினைச் சட்டம், சட்டத்தை மேல் பீமுக்குள் வார்த்த போல்ட் என்று ஒவ்வொரு கண்ணியும் பிடிக்க வேண்டும். செங்கல் சுவரின் மேல் இரண்டு வரி கலவையில் ஊன்றிய சட்டம் சுவரோடு பெயர்ந்து போகும்.

நான்கு பக்கமும் சரியும் கூரை, இரண்டு பக்கச் சரிவைவிடத் தாங்கும். சாய்வு 30 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். இறவாணத்தை 1½ அடிக்கு மேல் நீட்டாதீர்கள். திண்ணைக் கூரையை வீட்டுக் கூரையோடு ஒரே சட்டமாக இழுக்காமல் தனியாகப் போடுங்கள், பிய்த்தால் அது மட்டும் போகட்டும். எங்களைக் கேட்டால், 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்குக் கான்கிரீட் தளமே மேல். புயலன்று ஓடி ஒதுங்க ஓர் அறையாவது தளத்துக்கடியில் இருக்க வேண்டும்.

ஜன்னல், கீல், ஏ.சி. இவற்றில் எது துருப்பிடிக்காமல் நிற்கும்?
– வாசகர், ராமேசுவரம்

கீல், திருகு, தாழ்ப்பாளுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை. கடையில் 'எஸ்.எஸ்.' என்று மட்டும் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் 304 அல்லது அதற்கும் கீழே; கடற்கரையில் சீக்கிரமே பழுப்புக் கறை கட்டும். யு.பி.வி.சி. ஜன்னல் நல்லது, உள்ளே செருகும் இரும்புச் சட்டம் துத்தநாக முலாம் பூசியதா என்று வெட்டுமுனையில் பாருங்கள். கிரில் தேவையென்றால் கெட்டிக் கம்பியில் போடுங்கள். குழாய்க் கிரில் உள்ளிருந்து அரிக்கும், வெளியே தெரியும்போது ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஏ.சி.யின் வெளி யூனிட்டைக் கடல்காற்று நேராகப் படாத பக்கச் சுவரில் மாட்டுங்கள். பூச்சுள்ள செம்புச் சுருள் கேட்டு வாங்குங்கள். மழை படாத சன்ஷேடுக்கடியில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம், நடப்பது நேர்மாறு. மழை கழுவாத இடத்தில்தான் உப்பு படிந்து கிடக்கும். மாதம் ஒரு முறை மின்சாரத்தை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிச் சுருளைக் கழுவுங்கள். ஜன்னல் சட்டம், கிரில், கேட் கீலுக்கும் அதே குழாயைக் காட்டிவிடலாம்.