ஆன்டிபயாட்டிக்கைவிடப் பெரிய வளையம் வந்தால் அந்த எண்ணெய் சிறந்ததா?

காயத்துடன் மீட்கப்பட்ட காட்டு விலங்குகளிடமிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்கள் மீது ஐந்து தாவர எண்ணெய்களைச் சோதித்ததாகவும், அவற்றுள் ஒன்று ஆன்டிபயாட்டிக் வில்லையைவிட (மருந்து ஊறிய சிறு காகித வட்டு) பெரிய தடை வளையத்தை, அதாவது வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டத்தைக் காட்டியதாகவும், ஆகவே அதையே சிறந்த மருந்து என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். நீங்கள் ஆய்வேட்டின் கடைசி மாதங்களில் இருப்பீர்கள், முடிவைச் சொல் என்று நெருக்குதலும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதே நிலையில் நானும் இருந்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வளையத்தைப் பார்ப்போம். நாம் இன்றும் பின்பற்றும் வில்லை முறையை 1966இல் பாவர், கிர்பி முதலியோர் ஒழுங்குபடுத்தியது ஆன்டிபயாட்டிக்குகளுக்காக. அவை 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈரமான அகாரில் (பாக்டீரியாவை வளர்க்கும் கூழ்) ஊறிப் பரவும்; எந்த மருந்துக்கு எத்தனை மில்லிமீட்டர் வளையம் வந்தால் என்ன பொருள் என்பதற்கு அட்டவணைகளும் உண்டு. எண்ணெய் தண்ணீரோடு சேராது, அகாருக்குள் சரியாக ஊறாது, மாறாக ஆவியாகி மூடிக்குள் நிறைந்து மேலிருந்தும் பாக்டீரியாவைத் தாக்கும். எனவே உங்கள் வளையத்தின் அகலம், எண்ணெயின் வீரியத்தோடு அது எவ்வளவு எளிதாக ஆவியாகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. அளவையும் கவனியுங்கள். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம். நீங்கள் வில்லையில் 10 மைக்ரோலிட்டர் எண்ணெய் விட்டிருந்தால், அது ஏறத்தாழ 9,000 மைக்ரோகிராம். இந்த இரண்டு வளையங்களையும் அருகருகே வைத்து ஒன்று வென்றது என்று சொல்வது நியாயமாகாது.

இந்த ஆவி விஷயத்தை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் அல்லன். 96 குழித் தட்டில் ஆரிகனோ எண்ணெயைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு விலங்கிலிருந்து வந்த பாக்டீரியா. முதல் நிரலில் எண்ணெயே இல்லாத கட்டுப்பாட்டுக் குழிகள். இரண்டாம் நிரலில் மிக அதிகச் செறிவு. அங்கிருந்து பன்னிரண்டாம் நிரல்வரை பாதிபாதியாகக் குறைத்திருந்தேன். மறுநாள் காலை ரெசாசுரின் சாயம் சேர்த்தேன். உயிருள்ள பாக்டீரியா இருந்தால் அந்த நீலம் இளஞ்சிவப்பாக மாறும். இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்தபோது வலக்கோடிக் குழிகள் இளஞ்சிவப்பாக இருந்தன; எண்ணெயே தொடாத முதல் நிரல் முழு நீலமாக நின்றது, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இருந்த வரிசையின் ஒரே ஒரு குழியைத் தவிர. சிறிதளவு எண்ணெயோடு உயிர்வாழும் பாக்டீரியா, எண்ணெயே இல்லாத இடத்தில் எப்படிச் சாகும்? கைப்பிழை என்று எண்ணி மறுபடியும் செய்தேன், அதே நீலம். மூன்றாம் முறை கட்டுப்பாட்டுக் குழிகளைத் தனித்தட்டுக்கு மாற்றி, எண்ணெய்த் தட்டின் ஒவ்வொரு குழியும் தனித்தனியே அடைபடும்படி ஒட்டுத்தாள் ஒட்டிய பிறகே அவை இளஞ்சிவப்பாயின. பக்கத்துக் குழியிலிருந்து, ஆரிகனோ எண்ணெயின் முக்கியக் கூறான கார்வக்ராலின் ஆவி மூடிக்கடியில் பரவி, எளிதில் மடியக்கூடியவற்றைக் கொன்றிருக்கிறது. வெளிச்சவ்வு வலுவான சூடோமோனாஸ் மட்டும் தாங்கியிருக்கிறது. அதுவரை நான் எழுதிவைத்திருந்த தடுப்புச் செறிவுகளில் (பாக்டீரியா வளர்வதை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவு) பல, ஒன்றிரண்டு படிகள் உயர்ந்தன. அதாவது எண்ணெய் நான் நினைத்ததைவிட வலுக்குறைந்தது.

அப்போது என் மேற்பார்வையாளர், பழைய எண்களையே வைத்துக்கொள், வேலை செய்யாத எண்ணெய்களின் வரிசைகளையும் அட்டவணையிலிருந்து நீக்கிவிடு என்றார். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. அந்தப் பாக்டீரியா ஒவ்வொன்றும், மயக்க மருந்து கொடுத்த ஒரு விலங்கின் மூக்கில் ஸ்வாப் (பஞ்சுக் குச்சி) வைத்து எடுத்த மாதிரியிலிருந்து வந்தது. அந்த விலங்கைப் பிடித்தவர்கள் பட்ட பாட்டுக்கும், அந்த விலங்கு பட்ட அச்சத்துக்கும் நாம் தரக்கூடிய ஒரே மரியாதை, கிடைத்த முடிவை முழுமையாக எழுதுவதுதான். பலன் தராத எண்ணெயும் ஒரு முடிவே.

உங்கள் கேள்வியில் ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயர் அவசியத்தைக் குறிப்பதன்று. செடியின் சாரத்தைக் குறிப்பது. நறுமண எண்ணெய் என்றோ, ஆவியாகும் எண்ணெய் என்றோ எழுதுங்கள். இரண்டாவது பெயர் எச்சரிக்கையையும் உள்ளடக்கியிருக்கிறது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. குழித் தட்டில் தடுப்புச் செறிவைக் காணுங்கள். எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் ட்வீன் 80 என்ற பொருளைச் சேர்த்தால், ட்வீன் மட்டும் உள்ள குழிகளும் கட்டாயம் வேண்டும். ட்வீனுக்குப் பதிலாக, மான் (Mann), மார்க்கம் (Markham) என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் காட்டியபடி 0.15 விழுக்காடு அகார் கலந்து எண்ணெயை மிதக்காமல் நிறுத்தலாம். எல்லாம் கலந்த பிறகு ஒவ்வொரு குழியிலும் மில்லிலிட்டருக்கு 5 இலட்சம் பாக்டீரியா செல்கள் இருக்கும்படி பாருங்கள். விலங்குகளின் பாக்டீரியாக்களோடு அறியப்பட்ட தரநிலை ஈ. கோலை, ஸ்டாஃபைலோகாக்கஸ் வகைகளையும் ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். எண்ணெயின் கூறுகளை வாயு நிறவரைவி (ஆவியாக்கிக் கூறுகளைத் தனித்தனியே பிரிக்கும் கருவி) மூலம் பகுத்தறியாமல் செடியின் பெயரை மட்டும் எழுதுவது போதாது. ஒரே தைம் இனத்தில் தைமால் மிகுந்த செடியும் உண்டு, லினலூல் மிகுந்த செடியும் உண்டு. இரண்டின் எண்ணெயும் ஒரே மாதிரி கொல்லாது.

காட்டில் வாழும் விலங்கு மருந்தையே கண்டிருக்காது, ஆகவே அதன் பாக்டீரியா எளிதில் மடியும் என்று சிலர் வாதிடலாம். கடற்காகங்களிலும் காட்டுப்பன்றிகளிலும் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஈ. கோலை கண்டறியப்பட்டிருக்கிறது. ஊகிப்பதை விட்டு, ஒவ்வொன்றையும் இனங்கண்டு, ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் சோதித்துவிடுங்கள்.

நான் நறுமண எண்ணெய்களை ஒதுக்குகிறேன் என்று யாரும் கருத வேண்டாம். தைமால், யூஜினால் போன்ற எண்ணெய்க் கூறுகள் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைக்கின்றன என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. ஆனால் சீழிலும் இரத்தத்திலும் உள்ள புரதமும் கொழுப்பும் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தட்டில் போதுமான செறிவு காயத்தில் போதாமல் போகும். செறிவைக் கூட்டினால் தோல் புண்ணாகும். விலங்கு காயத்தை நக்கும். பூனைக் குடும்பத்து விலங்குகளின் கல்லீரலால் தைமால், யூஜினால் போன்ற பீனால் வகைச் சேர்மங்களை எளிதில் வெளியேற்ற முடியாது. உங்கள் மாதிரிகளில் காட்டுப்பூனையும் இருந்தால், பூசலாம் என்ற சொல்லை முடிவுரையிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். வளையத்தின் படத்தை நீக்கத் தேவையில்லை. முதற்கட்டத் தேர்வு என்று தலைப்பிட்டு, எத்தனை மைக்ரோலிட்டர் விட்டீர்கள், தட்டுகளை மூடி அடுக்கினீர்களா, தனித்தனியே வைத்தீர்களா என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள்.