பழைய வீடியோ கேசட் வடிவங்களில் பீட்டாமேக்ஸ்தான் தரமானது என்கிறார்களே, பிறகு ஏன் வி.எச்.எஸ்.ஸிடம் தோற்றது?

பீட்டாமேக்ஸ் டெக் (கேசட்டில் பதிந்து பார்க்கும் கருவி) இருந்த வீட்டில் நீங்கள் வளர்ந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வளர்ந்திருந்தால் காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: நேரம்.

1975இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த பீட்டாமேக்ஸில் ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம்தான். மறு ஆண்டு ஜப்பானில் ஜேவிசி வெளியிட்ட வி.எச்.எஸ்.ஸில் இரண்டு மணி நேரம். 1977இல் அமெரிக்காவில் ஆர்சிஏ விற்ற வி.எச்.எஸ். டெக்கில், தெளிவு சற்றுக் குறைந்தாலும் போதும் என்பவர்கள் நான்கு மணி நேரம் பதியலாம். சோனி நாடாவின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து இரண்டு மணி நேரத்தைப் பிடித்தது. வேகம் குறைந்ததும் தெளிவும் குறைந்தது. எல்லோரும் புகழும் அந்தத் தரம் ஒரு மணி நேரப் பதிவுக்கு உரியது.

அந்த ஒரு மணி நேரம் எங்களை எப்படி வதைத்தது என்று சொல்கிறேன். அப்பா வாங்கி வந்தது யாரோ பயன்படுத்திய முதல் தலைமுறை டெக். அம்மா ஒருமுறை தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினார். நேரடி ஒளிபரப்பு. நாங்கள் எல்லோரும் அரங்குக்குப் போய்விட்டதால் அப்பா டைமர் வைத்துவிட்டு வந்தார். நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம். அம்மாவின் முறை கடைசியில் வந்தது. வீடு திரும்பிப் போட்டுப் பார்த்தால், வரிசையில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்கும் அம்மாவின் முகத்தோடு நாடா முடிந்துவிட்டது. அம்மா இப்போது இல்லை. அந்தப் பாட்டும் எங்கும் இல்லை.

அப்பாவின் கவனக்குறைவு என்று சிலர் சொல்லக்கூடும். நடுவில் கேசட்டை மாற்ற வீட்டில் ஒருவர் இருந்திருக்கலாம்தான். ஆளில்லாத நேரத்தில் பதிவு செய்வதற்குத்தானே டைமர்?

திரைப்படங்களுக்கும் இதே சிக்கல்தான்: ஒரு மணி நேரத்தில் ஒரு படம் அடங்காது. 1977இல் ஆண்ட்ரே பிளே தன் மேக்னெட்டிக் வீடியோ நிறுவனத்துக்காக டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடம் 50 படங்களுக்கு உரிமம் பெற்று இரண்டு வடிவங்களிலும் விற்றார். அதே ஆண்டு ஜார்ஜ் அட்கின்சன் லாஸ் ஏஞ்சலஸில் அவற்றை வாடகைக்கு விடத் தொடங்கினார். ஜேவிசியிடம் உரிமம் பெற்ற பல நிறுவனங்கள் வி.எச்.எஸ். டெக்குகளை விற்றுப் பெருக்கின. எந்த டெக் அதிகமோ அதற்குத்தான் கேசட் அதிகம். எதற்குக் கேசட் அதிகமோ அந்த டெக்கைத்தான் அடுத்தவரும் வாங்குவார். 1988இல் சோனியே வி.எச்.எஸ். டெக் விற்க வந்துவிட்டது.

தொலைக்காட்சி நிலையங்களில் பீட்டா பல ஆண்டுகள் ஓடியதே என்று மறுக்க வருபவர்களுக்கு: அது 1982இல் வந்த பீட்டாகேம். கேசட்டின் உருவம் ஒன்றுபோல் இருக்கும். பதியும் முறை வேறு. நான் பொறியாளன் அல்லன், ஆனால் இந்த வேறுபாடு எனக்குத் தெரியும்.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மாவின் முகத்தோடு முடிந்த அந்தக் கேசட்டை டிஜிட்டலாக மாற்ற ஒரு நிறுவனத்திடம் கொடுத்தேன். கோப்பு வந்தது, கேசட்டும் வந்தது. அதன் அட்டைப்பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். டெக்கில் ஓடும் எண்காட்டியின் எந்த எண்ணில் அம்மாவின் முகம் வருகிறது என்று அப்பா தன் கையால் எழுதி வைத்திருந்தது அந்தப் பெட்டியில்தான். கேட்டதற்கு, “படம் நன்றாகத்தானே வந்திருக்கிறது?” என்றார்கள். உங்களிடம் பழைய கேசட் இருந்தால், பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு நாடாவை மட்டும் கொடுங்கள்.