வெடிமருந்தைக் கூட்டுவதற்கு முன் துளையைப் பாருங்கள்: சுரங்க வெடிப்பு கேள்வி பதில்

விருத்தாசலம், டிப்ளமோ மாணவர்: நெய்வேலியிலும் வெடி வைக்கிறார்கள். நிலத்தடிச் சுரங்கத்தில் என்ன வித்தியாசம்?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்பாறையைத் தளர்த்திக் கொடுத்தால் போதும், பக்கெட் வீல் இயந்திரம் அள்ளிக்கொள்ளும். மேலேயும் முன்னாலேயும் பாறை நகர இடமிருக்கிறது. சுரங்கப்பாதைக்குள் திறந்திருப்பது எதிரே உள்ள முகப்பு ஒன்றுதான். சிரமமெல்லாம் அதனால்தான்.

பண்ருட்டி, தங்கச் சுரங்க ஊழியர்: ஐயா, 3 மீட்டர் துளை போட்டால் 2 மீட்டர்தான் உடைகிறது. மருந்தைக் கூட்டலாமா?

வேண்டாம் தம்பி. கூட்டினால் கூரைதான் கெடும். முகப்பில் மிஞ்சி நிற்கும் துளைகளின் அடிப்பகுதியை அளந்து பாருங்கள். நடுவிலேயே நீளமாக மிஞ்சியிருந்தால் கோளாறு ‘பர்ன் கட்’ என்ற துளைத் தொகுதியில்தான், அதாவது முகப்பின் நடுவே முதலில் வெடிக்கும் துளைகளில். உடைந்த பாறை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் கேட்கும். அந்த இடத்தைத் தருவதற்காகத்தான் நடுவே மருந்து வைக்காத பெரிய துளை. அதைச் சுற்றியுள்ள துளைகள் உள்ளே போகப் போக விலகினால் நடுப்பகுதி உடையாது. ஒன்றையொன்று நெருங்கினால் பக்கத்துத் துளை மருந்து அமுங்கி, வெடிக்காமல் செத்துவிடும். முகப்பில் பெயின்டால் குறியிடுங்கள். முதல் துளையில் நீளமான குச்சியைச் செருகி, அதைப் பார்த்தே அடுத்ததை இணையாகப் போடுங்கள். சாதாரணமான வேலைதான், ஆனால் இதைச் செய்யாத ஷிப்டுகள்தான் அதிகம்!

அப்புறம் டிலே வரிசை, அதாவது எந்தத் துளை எப்போது வெடிக்க வேண்டும் என்பது: நடு முதலில், ஓரம் பிறகு, தரைத்துளைகள் கடைசியில். துளை வாயைக் களிமண்ணால் நன்றாக அடையுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் துளை நீளத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும்.

அவரே: மிஞ்சிய துளையிலேயே மறுபடி துளைக்கலாமா?

கூடவே கூடாது. உள்ளே வெடிக்காத மருந்து இருக்கலாம். சட்டமும் தடுக்கிறது.

புதுச்சேரி, பொறியியல் மாணவி: மருந்தை வெடிக்கத் தூண்டும் எலக்ட்ரானிக் டெட்டனேட்டர் இதற்குத் தீர்வாகுமா?

நேரத்துக்கு மட்டும் தீர்வு. 1 மில்லி விநாடி அளவில் நேரம் வைக்கலாம். ஓரத்துளைகள் ஒன்றாக வெடிப்பதால் சுவர் வழவழப்பாக வரும், துளைகளின் பாதி வடிவம் சுவரில் தடமாகத் தெரியும். கோணலான துளையை எந்த டெட்டனேட்டரும் நிமிர்த்தாதும்மா.

மந்தாரக்குப்பம், இல்லத்தரசி: வெடிக்கும்போது சுவர் அதிர்கிறது. இதற்கு வரம்பு உண்டா?

உண்டும்மா. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997இல் வகுத்தபடி, குடியிருப்பு வீடுகளுக்கு அதிர்வு வேகத்தின் வரம்பு, அலைவெண் (விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது) 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் விநாடிக்கு 5 மில்லிமீட்டர், 25 ஹெர்ட்ஸ் வரை 10, அதற்கு மேல் 15. ஒரே டிலேயில், அதாவது ஒரே கணத்தில், வெடிக்கும் மருந்தைக் குறைத்தால் அதிர்வும் குறையும். உங்கள் வீட்டு வாசலிலேயே கருவி வைத்து அளக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அலைவெண்ணையும் சேர்த்துக் கேளுங்கள், அது இல்லாமல் வெறும் மில்லிமீட்டர் கணக்கு செல்லாது.