வாசல்மணியில் எழுதிய பெயர்

கேள்வி: எனக்கு 43 வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 21 வருடமாக சுவிட்சர்லாந்தில், பேர்ன் நகரில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. இரவில் ஒரு உளவியல் திரில்லர் நாவல் எழுதுகிறேன். இன்னொருவர் பெயரில் வாழும் ஒருவனின் கதை. வாசகர்கள் அங்கேதான் அதிகம் என்பதால் கதையைச் சென்னையில் வைத்தேன். 60 பக்கத்தோடு நின்றுவிட்டது. வெளிநாட்டில் இருந்துகொண்டு இதெல்லாம் எழுத முடியுமா? "உனக்கு ஏன் இப்படியான யோசனை வருது?" என்று கணவரும் கவலைப்படுகிறார். கொப்பியை மூடி வைத்துவிடவா?
— பெயர் வேண்டாம், பேர்ன்

பதில்: அன்புத் தங்கைக்கு,

மூட வேண்டாம். உங்கள் நகரத்திலேயே, சுவிஸ் தேசிய நூலகத்தைச் சேர்ந்த இலக்கிய ஆவணக் காப்பகத்தில், இதே மாதிரி உளவியல் திரில்லர் நாவல்கள் எழுதிய ஒரு பெண்ணின் கொப்பிகள் இருக்கின்றன. பட்ரிசியா ஹைஸ்மித். 1921இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்தவர். 1963இல் ஐரோப்பாவுக்குக் குடிவந்தார். இங்கிலாந்து, பிரான்ஸ் என்று இருந்துவிட்டு 1980களில் உங்கள் நாட்டின் இத்தாலிய மொழிப் பகுதிக்கு வந்து, 1995இல் லொகார்னோவில் இறந்தார். அவர் வீட்டுத் துணி அலமாரியில் கிடைத்த நாட்குறிப்புகளும் குறிப்பேடுகளும் ஏறத்தாழ 8,000 பக்கம். அவர் ஊரை விட்ட காரணம் வேறு, நீங்கள் விட்ட காரணம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் உங்கள் கதை எங்கே சிக்கி நிற்கிறது என்பதற்கு அவரிடம் விடை இருக்கிறது.

1952இல் இத்தாலியின் பொசிட்டானோவில், ஒரு விடுதியின் பால்கனியில் நிற்கிறார். விடிகாலை. கீழே கடற்கரையில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓர் இளைஞன் தனியாக நடந்து போகிறான். அவ்வளவுதான். அவன் யார் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. அந்தக் காட்சியிலிருந்து வளர்ந்ததுதான் 1955இல் வெளிவந்த 'தி டாலண்டட் மிஸ்டர் ரிப்ளி'. ஒரு பணக்கார வீட்டுப் பையனை இத்தாலியிலிருந்து திருப்பி அழைத்து வர அனுப்பப்பட்ட டாம் ரிப்ளி, அவனைக் கொன்றுவிட்டு, அவன் உடையைப் போட்டு, அவன் கையெழுத்தைப் போட்டு, அவனாகவே வாழ்கிறான். உங்கள் கதைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள்!

கொலை யார் செய்தது என்ற கேள்வியே அந்த நாவலில் கிடையாது. நம் கண் முன்னால்தான் செய்கிறான். அப்புறம் ஒவ்வொரு முறை கதவு தட்டப்படும்போதும், அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கொலைகாரனுக்காக நாம் பதறுகிறோம், அது நமக்கே உறைக்கிறது. இந்த வகை எழுத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதற்கு வாசகர் அவனோடு ஒட்டி வாழ வேண்டும். அவன் எந்தக் கடையில் பால் வாங்குகிறான், எந்தப் படியில் கால் வைத்தால் சத்தம் வரும் என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சென்னையில் உங்கள் ஆள் எங்கே பால் வாங்குவான் என்று உங்களுக்குத் தெரியாது. 60 பக்கத்தில் நின்றதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் திறமையில் குறையில்லை. அவன் தவறான ஊரில் நிற்கிறான். அவனை பேர்னுக்குக் கூட்டி வாருங்கள். ரிப்ளியும் அமெரிக்கன்தான், நடமாடுவது மட்டும் அந்நிய மண்ணில். ஹைஸ்மித் தன் ஆட்களைப் பலமுறை அப்படித்தான் விட்டார். வெளியூரில் ஒருவனைப் பற்றி அவன் சொல்வதைத்தான் மற்றவர்கள் நம்பியாக வேண்டும். "நீ இன்னாருடைய மகனல்லவா?" என்று கேட்க அங்கே ஆளில்லை.

உங்கள் ஊரில் வீட்டு வாசல்மணியிலும் தபால் பெட்டியிலும் வீட்டு எண்ணை அல்ல, குடும்பப் பெயரைத்தானே எழுதி வைப்பார்கள்? அப்படியானால் இன்னொருவர் பெயரில் வாழ்கிறவன் தினமும் வீட்டுக்குள் நுழையும்போது அந்தப் பொய்யைப் படித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒருநாள் அவனுடைய உண்மையான பெயருக்கு ஒரு கடிதம் வருகிறது. தபால்காரர் பெட்டிகளைத் தேடுகிறார். அந்தப் பெயர் எதிலும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா வாங்கிப் பார்க்கிறார். இந்த ஓர் இடத்துக்காக நான் விடிய விடிய படிப்பேன். நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவான துணி துவைக்கும் அறை, முறை வைத்துக் கைமாறும் சாவி, சத்தம் போடக்கூடாத ஞாயிற்றுக்கிழமை, இவையெல்லாம் உங்களுக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாமல் இருக்கின்றன. சென்னை வாசகருக்கு அவை ஒவ்வொன்றும் புதிது. வாசகர் இருக்கும் இடத்தில்தான் கதை நடக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

ஒரு நிலத்தைப் பற்றி எழுத எவ்வளவு காலம் ஆகும் என்று தயங்குகிறீர்களோ என்னவோ. ஹைஸ்மித்தின் கடைசி நாவல்தான் சூரிச்சில் நடக்கிறது. சுவிட்சர்லாந்தில் பத்து வருடத்துக்கு மேல் இருந்த பிறகு வந்தது. உங்களுக்கு 21 வருடம். போதும்.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவது பற்றியும் ஒன்று. 1948 டிசம்பரில் அவர் நியூயார்க்கில் ஒரு பெரிய கடையில் பொம்மை விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி வந்து பொம்மை வாங்கிப் போனார். சில நிமிடப் பழக்கம். அன்றிரவே ஒரு நாவலின் கதைச்சுருக்கத்தை எழுதி முடித்துவிட்டார். 1952இல் அது வேறு பெயரில் வெளிவந்தது. தன் பெயரைப் போட அவருக்கு 1990 வரை ஆனது. நீங்களும் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம், அதில் குறைவொன்றும் இல்லை. ஒன்றே ஒன்று: முதியோர் இல்லத்தில் இருப்பவர்களின் வாழ்க்கையை அடையாளம் தெரியும்படி எடுக்காதீர்கள். அவர்கள் உங்களை நம்பி உடம்பையே ஒப்படைத்தவர்கள்.

சரி, உங்கள் கணவர். அவருடைய கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ஹைஸ்மித் எட்டு ஒன்பது வயதிலேயே மனநோயாளிகளின் வரலாறுகளைச் சொல்லும், மனநல மருத்துவர் கார்ல் மெனிங்கரின் நூலை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து ஆசையாகப் படித்தவர். மனித மனத்தின் இருட்டு மூலையை எட்டிப் பார்க்கும் ஆசை சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். அது நோய் அல்ல. ஆனால் அவருடைய வாழ்க்கையை நான் உங்களுக்கு முன்மாதிரியாகக் காட்ட மாட்டேன். நிறையக் குடித்தார். கடைசிக் காலத்தில் தனியாகவே இருந்தார். யூதர்களையும் கறுப்பினத்தவரையும் பற்றி அவர் குறிப்பேடுகளில் இருக்கும் வெறுப்பைப் படித்தால் மனம் கசந்துபோகும். அந்தத் தனிமைதான் அவரை எழுத வைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதி முடித்த பிறகு பேசுவதற்கு உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

கணவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். தபால்காரர் வரும் அந்த அத்தியாயத்தை முதலில் எழுதி, அவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள், பாதியில் நிறுத்துங்கள். "அப்புறம் என்ன நடந்தது?" என்று அவர் கேட்டாரா என்று எனக்கு எழுதுங்கள்.